கீறலோடு ஒரு பாட்டு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், அலமாரி வழிய வழிய இருக்கும் அவருடைய ரிகார்டுகளும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எனக்குக் கவலை. உன் கடிதம் வந்தது. முதியோர் இல்லத்தில் உதவி செய்யப் போவதால் பாட்டு கேட்க நேரமில்லை, கேட்டாலும் அங்கே படுத்திருப்பவர்கள் நினைவு வந்து உறுத்துகிறது, சேர்த்து வைத்த கேசட்டுகளை யாருக்காவது கொடுத்துவிடு என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எதிர்வீட்டுக் கண்டக்டரை அப்பா சனிக்கிழமைதோறும் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறார் அல்லவா, போன மாதம் அவர் போதும் சார், இனிமே நான் வரல, விட்டுடுங்க என்று முரண்டு பிடித்தார். கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போய்ப் படுக்க வைத்த நேரத்தில் பழைய சாமான் கடைக்காரர் போன் செய்திருக்கிறார். அப்பாவின் சின்ன வயதில் அவர் வீட்டில் ஓடிப் பின்னால் உடைந்துபோனதே, அதே ஓடப்பாட்டு ரிகார்டு ஒன்று கடைக்கு வந்திருக்கிறதாம், தாடிக்காரர் கிளம்பிட்டாரு, உடனே வாங்க என்றாராம். தாடிக்காரரும் ரிகார்டு சேர்ப்பவர், அப்பாவுக்குப் பரம எதிரி. அப்பா கதவு வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். அப்படி என்ன சார் பாட்டு என்று கண்டக்டர் கேட்க, குளிக்கும்போதுகூட வாய் திறக்காத உன் அப்பா பாட ஆரம்பித்தாராம். திரைச்சீலை மஞ்சள் வெயிலில் அசைய, மெஷின் மெல்லச் சுற்ற, கட்டிலே தண்ணியில மிதக்கற மாதிரி இருந்துச்சும்மா என்று கண்டக்டர் என்னிடம் சொன்னார். 'ஓடமே, சற்று நில்' என்ற வரியை மட்டும் இவர் மூன்று தடவை பாடியதற்கு நர்ஸ் சிரித்தாளாம். பாட்டே அப்படித்தாம்மா என்று சாதித்திருக்கிறார். அந்தப் பழைய வீட்டு ரிகார்டில் அந்த இடத்தில் கீறல், ஊசி மாட்டிக்கொண்டு அதே வரியை மூன்று தடவை பாடுமாம், மனுஷன் கீறலையும் சேர்த்து மனப்பாடம் செய்திருக்கிறார்!

ரிகார்டு தாடிக்காரருக்குப் போய்விட்டது. அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை கண்டக்டர் தலைவாரித் தயாராக நின்று, இன்னைக்கு என்ன பாட்டு சார் என்றார். விஷயம் கேள்விப்பட்ட தாடிக்காரர் எங்களையும் கண்டக்டரையும் பாட்டு கேட்க வீட்டுக்கு அழைத்தார். கீறலே இல்லாத தட்டு. பாட்டு அது பாட்டுக்கு மேலே போய்விட்டது, அப்பாவும் கண்டக்டரும் மட்டும் 'ஓடமே, சற்று நில்' என்று இன்னும் இரண்டு தடவை பாடிவிட்டுத் திருதிருவென்று விழித்தார்கள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

சட்டியில் இருந்தால்தானே கண்ணே அகப்பையில் வரும். அந்த இல்லத்துக்குப் போ, ஒரு நாள் கேசட்டோடும் போ, ஒரு நாள் எங்கும் போகாமல் உனக்காகவும் கேள். உன் கேசட்டுகளை யாருக்கும் கொடுக்கவில்லை, தூசி துடைத்து வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துக்கொள். ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ நினைத்ததெல்லாம் கைகூடி, மனம் குளிர்ந்து நன்றாக இருக்க வேண்டும். எதிர்வீட்டு ஜன்னலில் கண்டக்டர் பாடுகிறார், அந்த வரி இரண்டு தடவை ஆயிற்று, மூன்றாவதுக்காகப் பேனாவை நிறுத்திக் காத்திருக்கிறேன்.

உன் அம்மா