பாசி படிந்த படலம்

மார்ச் 4

ஆற்றுப் பாலத்தூணில், படகுகள் மோதாமலிருக்க எரியும் எச்சரிக்கை விளக்காக எங்கள் விளக்கைப் பொருத்தினோம். ஒட்டாத சட்டிகளில் பூசுவார்களே, அதே டெஃப்லான் படலம். ஆற்றின் அலை அதை உரசி ஏறி இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம். பழைய பேட்டரி விளக்கைக் கழற்றிவிட்டார்கள். எங்களைத் தூணுக்குக் கூட்டிப்போன படகுக்காரர் சிரித்தார்: “பரவாயில்லையே, ஆத்தையே மாடு மாதிரி கறக்குறீங்க!” ஆறு வருட உழைப்பு. வீட்டுக்கு வந்து அழுதேன். சந்தோஷம்தான்.

மார்ச் 9

மின்சார அளவு பாதியாகிவிட்டது. ஏன்?

மார்ச் 14

பதினோராம் நாள். பத்தில் ஒரு பங்குகூட இல்லை, விளக்கும் அணைந்துவிட்டது. படலத்தைத் தொட்டேன், வழவழவென்று பாசி. ஆய்வுக்கூடத்தில் வடிகட்டிய நீரைத்தானே ஓடவிட்டோம்!

மார்ச் 17

ஆய்வுக்கூடத் தலைவர் அறைக்குப் போனேன்.

“அறிக்கையில முதல் நாலு நாள் அளவு வரைக்கும் போட்டாப் போதும்மா. பாசியெல்லாம் பராமரிப்பு விஷயம், அப்புறம் பாத்துக்கலாம்.”

“படகுக்காரங்க அந்த விளக்கைத்தானே நம்பி வர்றாங்க சார். பழசையே மாட்டச் சொல்லிடலாமா?”

“நம்மள நாமளே காட்டிக்குடுக்கணுமா?”

கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

மார்ச் 18

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 23

ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் சொல்லாமல் போய்ப் படலத்தைத் துடைத்தேன். விளக்கு மறுபடி எரிகிறது. “லீவு நாள்லயும் ஆறுதானா?” என்றார் கணவர். வாராவாரம் போனால் சமாளித்துவிடலாம் — எத்தனை வாரம்?

ஏப்ரல் 2

மகளுக்குக் காய்ச்சல் விடவில்லை. போன ஞாயிறு ஆற்றுப்பக்கம் போக முடியவில்லை.

ஏப்ரல் 3

விடியலில் பனிமூட்டம். படகு தூணில் மோதிவிட்டது. உள்ளே அந்தப் படகுக்காரர் மட்டும்தான். கால் நசுங்கி — விளக்கு எரியவே இல்லையாம்.

தெரியும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன்டி வாயத் தொறக்கல?

ஏப்ரல் 8

மருத்துவமனை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

“முப்பது வருஷம் ஓட்டுன ஆறும்மா,” என்றார் படகுக்காரர். “என் கண்ணு மங்கிப்போச்சு போல. வெளக்கக் கவனிக்காம விட்டுட்டேன்.”

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “வெளக்கு எரியலைங்க. அது அணைஞ்சிடும்னு எனக்கு முன்னாடியே தெரியும்.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவிதான் கேட்டார்: “அப்ப ஏம்மா சொல்லல?”

எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 10

பதினோரு நாள் அளவுகளையும், மறைத்ததையும் எழுதி, படகு விபத்தை விசாரிக்கும் அலுவலகத்தில் கொடுத்தேன். பேட்டரி விளக்கை உடனே மாட்ட ஆள் அனுப்பினார்கள். தலைவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட.”

ஏப்ரல் 30

ஆய்வுக்கூடச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

மே 19

படகுக்காரரின் மனைவி அழைத்தார். அவர்மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்களாம். விபத்தன்று பிடித்துவைத்த படகு உரிமத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

“அவருகிட்ட ஒரு வார்த்தை பேசட்டுமா?” என்றேன்.

“இன்னிக்குத்தாம்மா கட்டைக்காலை மாட்டி நாலு அடி நடந்தாரு. வேணாம்மா.”

சரி என்றேன்.