முந்திக்கொண்ட தலையசைப்பு

14-5-1978, ஞாயிறு

படப்பையில் கல்யாண வரவேற்புக் கச்சேரி. எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கும் நான் தலையசைத்தால்தான் தபேலா ஜோசப் தாளத்தைத் தொடங்குவான். இன்று அடுத்த பாட்டின் நோட்ஸைத் தேடிக்கொண்டே, பாடகி தாளமில்லாமல் பாடும் தொகையறாவை முடிப்பதற்குள் தலையை அசைத்துவிட்டேன். அவனும் தொடங்கிவிட்டான். அந்தப் பெண் பாதி வரியில் தடுமாறி நின்றாள். முன்வரிசையில் சிரித்தார்கள்.

இடைவேளையில் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் மாஸ்டர் எல்லார் முன்னாலும் கத்தினார். "இன்னாய்யா ஜோசப், தூங்கிக்கினு வாசிக்கிறியா? அந்தப் பொண்ணு இன்னும் பாடிக்கினு கீது! நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கட்டா?"

ஜோசப் என்னைப் பார்த்தான். தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாயங்காலமே ரோசின் பிசின் தேய்த்த வயலின் வில்லை எடுத்து, குனிந்து மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது வேனில் வழக்கம்போல என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். வடக்குப்பட்டில் இறங்கும்போதுதான் வாய் திறந்தான்.

"மாஸ்டர் நாளைக்குக் கூப்ட்டார்னா, உன் தலையப் பாத்துதாண்ணே ஆரம்பிப்பேன். எனக்கு வேற இன்னா தெரியும்?"

அதற்கும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.