மேடம் வேஷம்

ஜூன் 1, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கொட்டாஞ்சேனை ஹோலில் கூரை ஒழுகியதால் பாதிப் பேர் சுவரோரம். வகுப்பின் பெயர் 'பெண்ணியமும் தலைமைத்துவமும்'. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பெயரை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது.

14 பேர். எல்லாரும் வீட்டு வேலைக்காரிகள். படிப்பிக்கும் மிஸ் சின்னப் பெண். ஆளுக்கொரு கொப்பி தந்தாள். தினமும் எழுத வேண்டுமாம். யாரும் பார்க்கமாட்டார்களாம். பார்ப்போம்.

இன்று படித்தது:
- அதிகாரம் இரண்டு வகை. ஒன்று, மற்றவள் தலைமேல் ஏறி நிற்பது. மற்றது, பக்கத்தில் நிற்பது.
- எதைக் கேட்கவும் தனியாகப் போகக்கூடாது. இரண்டு பேர்.
- மீன் வைத்த மாலு பணிஸ் ஆளுக்கு ஒன்று. (எனக்கு இரண்டு.)

"மிஸ், பஸ்ஸுல பக்கத்துல நிக்கிறானே, அவனுக்கு எந்த வக அதிகாரம்?" என்றேன். ஹோல் முழுக்கச் சிரிப்பு. மிஸ்ஸும்தான்.

பிறகு நடித்துப் பழகினோம். ஒருத்தி வேலைக்காரி, ஒருத்தி மேடம். சரோஜாவின் முறை. வெள்ளவத்தையில், நான் சமைக்கும் அதே பிளாட்ஸில், ஐந்தாம் மாடியில் தங்கி வேலை. அவளுடைய ஐசியை, அதாவது அடையாள அட்டையை, மேடம் வாங்கி அலுமாரியில் பூட்டி இரண்டு வருஷம். ஹட்டனில் மகளுக்கு இந்த மாதம் பிள்ளை பிறக்கப்போகிறது. போக வேண்டும். அட்டையை விட்டுப் போனால் வேறு எங்கும் வேலைக்குச் சேர முடியாது. கேட்க வாய் வரவில்லை. அதற்குத்தான் இந்த நடிப்பு.

மேடம் நான். லிஃப்டில் தினமும் பார்க்கும் மனுஷி. நடை, குரல், மூக்கு எல்லாம் எனக்குப் பாடம்.

"மேடம், என்னோட ஐசிய..."

"சத்தமாக் கதையும் பிள்ளை. விளங்கேல்லை."

"ஐசிய குடுத்தீங்கன்னா..."

"தாறன். முதல்ல என்ட சங்கிலி எங்கையெண்டு சொல்லும். அலுமாரிக்குள்ள வச்சனான், காணேல்லை. பொலிசைக் கூப்பிடட்டோ?"

சங்கிலி எங்கிருந்து வந்ததோ. அந்த நிமிஷம் வாயில் வந்தது. சரோஜா, "நான் எடுக்கல மேடம்" என்று நிஜமாகவே அழுதாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மூக்கைச் சிந்துவதையும் செய்து காட்டினேன்.

மிஸ் போதும் என்றாள். போகும்போது என்னிடம் மட்டும்: "மகேஸ் அக்கா, நீங்க பேசினா எல்லாரும் கேக்கினம். 15ஆந்திகதி தலைவி தெரிவு. நினைச்சுப் பாருங்கோ."

நினைத்தேன். பஸ் முழுக்க அதே நினைப்பு.

ஜூன் 4, புதன்

லிஃப்ட் பழுது. ஏழு மாடி, இரண்டு முழங்கால். ஐந்தாம் மாடியில் சரோஜா கம்பிக்கதவுக்கு உள்ளே முதுகைக் காட்டிப் பெருக்கிக்கொண்டு. மேடம் குரலில், "பிள்ளை, சங்கிலி எங்க?" என்றேன். தும்புத்தடியைப் போட்டுவிட்டாள். அடுத்த இரண்டு மாடியும் சிரித்தே ஏறினேன், முழங்கால் தெரியவில்லை.

சமையல்: நெத்தலி, பருப்பு, பொன்னாங்காணி. உப்புக் கூடிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

மழை விட்டுவிட்டு. மறுபடி நடிப்பு. இந்தமுறை நல்ல மேடமாக இருக்கச் சொன்னாள் மிஸ். "சங்கிலி, சங்கிலி" என்று எல்லாரும் கேட்டார்கள். மூன்று தரம் செய்தேன். மூன்றாவதில் நான் வாயைத் திறக்கும் முன்பே சரோஜா, "சங்கிலிய நான் எடுக்கல." நல்லாய்ப் பாடமாகிவிட்டது.

பௌர்ணமி லீவு, போயா அன்று கேட்பதாக முடிவு. கூடப் போக யார்? சரோஜா வேறு ஆட்களைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன்.

ஜூன் 10, செவ்வாய், போசன் போயா

காலி வீதி நெடுகத் தன்சல் பந்தல், இலவசச் சாப்பாட்டுக்கு வரிசை. மரவள்ளி, ஐஸ்கிரீம். முதலில் தின்றோம். சரோஜா தின்னவில்லை, அவளுடையதும் எனக்கு.

ஐந்தாம் மாடி. மேடம் நல்ல குணத்தில் இருந்தது. "என்ன, ரெண்டு பேரும் தன்சலுக்குப் போனனீங்களோ?" சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தது.

சரோஜா: "சங்கிலிய நான் எடுக்கல மேடம்."

"என்ன சங்கிலி?"

சரோஜா என்னைப் பார்த்தாள்.

ஒரு வார்த்தை போதும். அது எங்கள் வகுப்பு விளையாட்டு, மேடம், என்று. சொன்னால், "என்னை மாதிரி நடிச்சது ஆர்?" என்று மேடம் கேட்கும். நான் சமைக்கும் ஏழாம் மாடி அம்மாவும் இதுவும் ஒன்றாகக் கோவிலுக்குப் போகிறவர்கள். என் வேலை போய்விடும். ஒரு நாளும் மூடாத வாய், மூடிக்கொண்டது.

மேடம் அலுமாரியைத் திறந்தது. பெட்டி பெட்டியாகப் பார்த்தது. எல்லாம் இருந்தன. அப்படியும் சரோஜாவின் பையை நிலத்தில் கொட்டியது. இரண்டு உள்பாவாடை, ஒரு சீப்பு, பிள்ளைக்குத் தைத்த நாலு சின்னச் சட்டை. ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தது.

"லண்டனிலயிருந்து மகன் ஆவணியில வருவான். அவன் எல்லாம் பாத்தாப் பிறகு ஐசி தாறன். நீர் ஏன் நிக்கிறீர்?"

கடைசிக் கேள்வி எனக்கு. வந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

சரோஜாவின் மகளுக்கு முந்தியே பிறந்துவிட்டதாம். பெண். படிக்கட்டில் வைத்து போனில் காட்டினாள். சிவப்பாக, கண் திறக்காமல்.

"மக கேக்குறா, ஏம்மா வரலன்னு. என்னாக்கா சொல்றது?"

பகிடிதான் வந்தது. "பேத்திக்குச் சங்கிலி போட்டாச்சா?" என்றேன்.

சிரித்தாள். மேடத்துக்குச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. மேலே போய்த்தான் அது உறைத்தது. சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். நீலச் சேலை. தலைவி தெரிவு.

சரோஜா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். நெற்றியில் திருநீறோடு வந்தாள். எடுக்கவில்லை என்று எரியும் கர்ப்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு வா என்று மேடம் கோவிலுக்கு அனுப்பியதாம். உள்ளங்கையில் கொப்புளம்.

மிஸ் கேட்டாள், அன்று என்ன நடந்தது. நான் முந்திக்கொண்டேன்: "பயந்து உளறிட்டா மிஸ். நான் பக்கத்துலதான் நின்னேன்." பக்கத்தில் நின்றது உண்மை. சரோஜா தலையாட்டினாள். "ஆமா மிஸ். என் பிழைதான்."

பிறகு மிஸ், "மகேஸ் அக்கா தலைவியா வர விருப்பமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றாள். முதல் கை சரோஜாவுடையது. கொப்புளத்தோடு. பிறகு ஒவ்வொன்றாய் மற்றவை. பதின்மூன்று.

கை தட்டினார்கள். பணிஸ் வந்தது. எல்லாரும் கையை இறக்கித் தின்னத் தொடங்கினார்கள். சரோஜா மட்டும் இறக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, கை மேலேயே.

"இறக்கு" என்றேன்.

இறக்கினாள்.