மழை நாளில் காட்டிய செய்முறை

மாசி, புதன்கிழமை.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைக் கூரையில் சோலார் பேனல் வேலை பார்த்த கலைச்செல்விக்கு இன்று மதியம் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. பழவேற்காட்டுக்காரி. என்னிடம் பயிற்சி முடித்தவள். அவள் வீட்டில் மீன்பிடியை விட்டு மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள்.

சுவிட்சை அணைக்காமல், உச்சி வெயிலில் பேனலின் கனெக்டரைப் பிடுங்கியிருக்கிறாள். தீ பாய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் கேட்டாள்: “அன்னிக்கு நீங்க கழட்டுன மாரியேதான் நானும் கழட்டினேன். இன்னா சார் தப்பு பண்ணேன்?”

செய்முறை வகுப்பு நடந்த அன்று அடைமழை. பேனலில் மின்சாரம் பேருக்குத்தான் இருந்தது. அந்தத் தைரியத்தில் சுவிட்சைத் தொடாமலே கழற்றிக் காட்டினேன். வெயிலில் இப்படிச் செய்யாதீர்கள் என்று சொன்னேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வெயில் வந்த பிறகு இன்னொரு முறை காட்டியிருக்கலாம். பாடத்தை முடிக்கிற அவசரம் எனக்கு.

“படுத்துக்கோம்மா, அப்புறம் பேசலாம்” என்று வெளியே வந்துவிட்டேன்.

வராந்தாவில் அவளுடைய சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார். “கிளாஸ்ல சொல்லிக்குடுத்தத அந்தப் பொண்ணு ஃபாலோ பண்ணலைன்னு எழுதிக்கினு வந்திருக்கேன் சார். நீங்க ஒரு சைன் போட்டுடுங்க.”

போட்டேன். இதை எழுதுகிற இதே பேனாவால்தான்.