படித்துக் காட்டினேன்

ஆசிரியர் அறையில் இன்று காலை ஆறு அட்டைப்பெட்டிகளைப் பிரித்தார்கள். புது பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவுதான் வந்தது. இந்தப் பள்ளிக்கு முதன்முதலாக டேப்லெட் வந்த நாளில், பெட்டிக்குள் முகத்தை விட்டு, "செருப்புக் கடை மாதிரி இருக்குடி" என்று சிரித்தவள் நீ.

அன்று எங்கள் எல்லோரையும்விட அதிகம் மகிழ்ந்தவளும் நீதான். உன்னை இயந்திரங்களுக்கு எதிரி என்று பின்னாளில் சொன்னவர்களுக்கு அது தெரியாது. பின்னம் நடத்துவதற்கு உன் சொந்த ஃபோனில் வீடியோ இறக்கிக்கொண்டு வருவாய். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உன் தோளில் ஏறாத குறையாக நின்று பார்ப்பார்கள்.

டேப்லெட் கொடுத்த கம்பெனிக்காரர்கள் கேட்டது கொஞ்சம்தான். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, போட்டோ, பெற்றோரின் ஃபோன் நம்பர். நான்கு பக்க ஆங்கிலப் படிவத்தின் கடைசியில் பெற்றோர் கையெழுத்து. "சும்மா ஃபார்மாலிட்டி டீச்சர், நாளைக்குள்ள வாங்கிடுங்க" என்றார் தலைமையாசிரியர். நான் வாங்கிக் கொடுத்தேன். நீயும்தான்.

மூன்று மாதம் கழித்து அஞ்சலை வந்தாள். மீன் விற்றுவிட்டு, அன்னக்கூடையோடு நேராக உன் வகுப்பு வாசலுக்கு. "எம் பொண்ணு கணக்குல மக்காம் டீச்சர். ஃபோன்ல சொல்றாங்க. அவங்க கிளாஸ்ல சேக்கலன்னா பத்தாவது தாண்ட மாட்டாளாம். தெனமும் கூப்புடறாங்க" என்று அழுதாள். அவள் மகள் கௌசல்யா வகுப்புக்குள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். கரும்பலகைக்கு எப்போதும் முதலில் ஓடிவருகிற பிள்ளை.

நீ அஞ்சலையின் ஃபோனை வாங்கி அந்த நம்பருக்கே போட்டாய். ஸ்பீக்கரில் ஓர் இளம்பெண்ணின் குரல்.

"யாரும்மா சொன்னது, கௌசல்யா வீக்குன்னு?" என்று கேட்டாய்.

"சிஸ்டம் காட்டுது மேடம்."

"நான் அவளோட கணக்கு டீச்சர் பேசறேன். எங்கிட்ட கேளு, சொல்றேன்."

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

மாலையில் நாம் இருவரும் உட்கார்ந்து டேப்லெட்டில் கௌசல்யாவின் மதிப்பெண்களைத் திறந்து பார்த்தோம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு டேப்லெட். அவள் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அவள் தொடாத கேள்விக்கெல்லாம் பூஜ்யம். "தப்பாப் போட்டா கோடு போட்டு அடிக்கலாம். போடவே வுடாம தப்புன்னு எப்படிடி சொல்றது?" என்றாய். பிறகு அந்தப் படிவத்தை எடுத்து முதல் முறையாக முழுதும் படித்தாய். மூன்றாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி. பெற்றோரின் நம்பரைக் கம்பெனி தன்னுடைய மற்ற வகுப்புகளைப் பற்றிச் சொல்லப் பயன்படுத்திக்கொள்ளலாம். நாம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தது அதற்குத்தான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நீ எழுந்தாய். "இத நானே படிக்காமத்தான் ஒங்ககிட்ட கையெழுத்து வாங்கினேன். எம்மேல தப்பு" என்று தொடங்கி, நான்கு பக்கத்தையும் தமிழில் வரிவரியாகச் சொன்னாய். பாதிக்கு மேற்பட்டவர்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக அங்கேயே எழுதிக் கொடுத்தார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வருத்தம் தெரிவித்து எழுதிவிடு என்று கெஞ்சினேன். "நோன்" என்றாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பெண்ணல்லவா, உனக்குக் கோபம் பிரெஞ்சில்தான் வரும். நீ எழுதிக் கொடுத்தது ஒரே வரி: "படிவத்தில் இருந்ததைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டினேன்." அடுத்த மாதமே காரைக்காலுக்கு மாற்றல்.

அங்கேதான் நோய் தெரிந்தது. மாற்றல்தான் உன்னைக் கொன்றது என்று எழுதமாட்டேன். நீயே எழுத விடமாட்டாய். ஆனால் வாராவாரம் சிகிச்சைக்காக நாலு மணி நேரம் பஸ்ஸில் இங்கே கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தாயே, அதை எப்படி மறப்பேன்? ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒருநாள் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட எதுக்குடி? அடுத்த தபா வருவாங்க. அப்ப எழுந்து நில்லு" என்றாய்.

இன்று வந்தார்கள். வேறு கம்பெனி, ஐந்து பக்கப் படிவம். அதே ஃபார்மாலிட்டி. எழுந்து நின்றேன்.

"பெத்தவங்களுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டிட்டுத்தான் வாங்குவேன் சார்."

"ஒங்களுக்கும் காரைக்கால் போவணுமா டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர்.

"பஸ் எத்தன மணிக்குன்னு தெரியும் சார்."

அறிவியல் டீச்சரும் எழுந்தார். "எங்கிளாஸுக்கும் அப்படித்தான் சார்." அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். தலைமையாசிரியர் எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் போடலாம் என்று சொல்லிவிட்டுப் படிவக் கட்டை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். ஒரு பிரதியை நான் அதற்கு முன்பே எடுத்துவைத்திருந்தேன்.

அதைத் தமிழில் எழுதி முடித்த கையோடு உனக்கு இதை எழுதுகிறேன். உன் தைரியம் எனக்கு வரவில்லை. கடைசிப் பக்கம்வரை படிக்கிற பழக்கம் மட்டும் வந்திருக்கிறது. உன்னைப்போல் கணீரென்ற குரலும் எனக்கில்லை, நடுவில் தழுதழுக்கும். தழுதழுக்கட்டும். இந்த முறை அந்த வரியை நான்காம் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் இரண்டு தடவை படிப்பேன்.