புல்தரையில் உட்காரலாம்

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சண்டை போடும் தெம்போடு சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். ஒரு சேதி இருக்கிறது, சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உன் அப்பன் அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டான்! பதறாதே, நான் இல்லை, என் விசில். நான் வேலை பார்த்த பூங்காவுக்கு நூறு வயதாகிறது, அந்தக் காலத்து ஜனங்கள் இங்கே எப்படிப் பொழுதைப் போக்கினார்கள் என்று காட்ட அருங்காட்சியகத்தில் தனி அறையே வைத்துவிட்டார்கள். முதலில் பூட்ஸ் போட்டவர்களுக்கு மட்டும்தான் கேட்டைத் திறந்தார்களாம், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பேண்டு வாத்தியம் கேட்க எல்லாரையும் விட்டார்களாம், ஆனால் புல்லில் மட்டும் யாரும் கால் வைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைக் கட்டிக்காத்த பழைய தோட்டக்காரர் என்று எழுதி என் விசிலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னாடி என்னையே இதை ஊதித்தானே விரட்டினீங்க என்று அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள்.

கூத்து அதற்கப்புறம்தான். புல்தரையைத் திறந்துவிடலாமா என்று பூங்காக் கமிட்டி கூடியது, என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அருங்காட்சியகத்து மேடம் திறந்தே ஆகணும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தலைவரோ, ஆள் உட்கார்ந்தால் ஒரே மாசத்தில் புல் செத்துப்போகும், முப்பத்திரண்டு வருஷம் காத்தவரையே கேளுங்க என்று என்னைக் கைகாட்டினார். ஊர் முழுக்க அப்படிச் சொல்லி வைத்ததே நான்தானே. உனக்குக்கூடச் சொல்லாததை இப்போது சொல்கிறேன், தினமும் மத்தியானம் கேட்டைச் சாத்திவிட்டு நாங்கள் ஆறு தோட்டக்காரர்களும் அந்தப் புல்லில்தான் வரிசையாகப் படுத்துக் குறட்டை விட்டோம். ஒரு புல்லுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சொன்னால் என் மரியாதை போகும், சொல்லாவிட்டால் இன்னும் நூறு வருஷத்துக்கு ஒரு குழந்தையும் அதில் உருளாது. எழுந்து நின்று சொல்லியே விட்டேன். தலைவர் வாயைப் பிளந்து, அடப்பாவி, நாங்க சின்ன வயசில் வெளியே வெயிலில் காத்துக் கிடந்தோமேய்யா என்றார், அப்புறம் அவரே சிரித்த சிரிப்பில் டீ தீர்மானக் காகிதத்தின் மேல் கொட்டிவிட்டது, ஈரத்தோடேயே கையெழுத்துப் போட்டார்.

போன ஞாயிறு திறந்தார்கள். பந்தும் பாயும் பிள்ளைகளுமாக ஒரே அமர்க்களம், எனக்கு மட்டும் கால் எழவில்லை, ஓரத்துச் சிமெண்டிலேயே நின்றேன். உன் அம்மா நட்டநடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, வாங்க, யாரும் பிடிச்சுட்டுப் போக மாட்டாங்க என்று கத்தினாள். போனேன். எறும்பு கடித்ததைக்கூடச் சொல்லவில்லை. பட்டப்பகலில், கேட் திறந்திருக்கும்போது, அவள் பக்கத்தில் அந்தப் புல்லில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருங்க. லீவுத் தேதியைச் சீக்கிரம் எழுது, பேரனை உருளவிட இடம் பார்த்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
குட்டு வெளிப்பட்டும் கூச்சமில்லாத உன் அப்பா