விளக்கின் மேல் சந்தனப் பொட்டு

சலாலா, ஓமன்

அன்புள்ள அய்யாவுக்கு, நாகராஜ் வணங்கி எழுதுவது. அம்மாவின் கால்வலி தேவலையா? பந்தல்குடியில் மழை விழுந்ததா? நான் நலம்.

போனில் சொன்னால் "சரிப்பா, இருக்கட்டும்" என்று வைத்துவிடுவீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் தங்கச்சி ரோஷினி முழுக்கப் படித்துக் காட்டுவாள். அதனால்தான் இதில் எழுதுகிறேன்.

ஆயுதபூஜைக்கு மறுநாள் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு லாரி வந்தது. டேஷ்போர்டில் இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரை மாட்டினேன், ஆக்ஸிலேட்டர் சென்சாரில் கோளாறு என்று காட்டியது. புது சென்சார் போட்டு மலைச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். பாதி ஏற்றத்தில், மிதிக்க மிதிக்க இன்ஜின் இழுக்கவில்லை. வண்டி கொஞ்சம் பின்னால் உருண்டது, அவ்வளவுதான். பிரேக் பிடித்துவிட்டது.

பிறகுதான் தெரிந்தது. டிரைவர் விருதுநகர்க்காரர். பூஜைக்கு இன்ஜினைப் பைப்பு வைத்துக் கழுவியிருக்கிறார். சென்சார் ஒயர் சாக்கெட்டுக்குள் தண்ணீர்.

நம் புது லோடு வண்டியையும் நீங்கள் பம்ப்செட்டில்தான் கழுவினீர்கள். ரோஷினி அனுப்பிய பூஜைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டேஷ்போர்டில் வரிசையாகச் சந்தனப் பொட்டு. ஒன்று சரியாக அந்த மஞ்சள் விளக்கின் மேல். போனில் கேட்டால், "அவுக நாளைக்குக் காலைல தூத்துக்குடிக்கு லோடு கொண்டு போறாக" என்கிறது அம்மா.

பூஜைப் பொரி மிச்சமிருந்தால் எனக்குக் கொஞ்சம் கட்டி வையுங்கள். இதைக் கேட்டதும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், முழித்திருப்பேன்.

புறப்படும் முன் அந்தப் பொட்டைத் துடைத்து, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள் அய்யா. சாமி குத்தம் வந்தால் எனக்கு வரட்டும்.

நாகராஜ்